சார்காச்சியின் தாய்

19-ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகள் பாரத மக்களுக்குப் பெரும் சோதனைக் காலமாக அமைந்தன. 1896-97-இல் மழை பொய்த்து, நாட்டின் பல பகுதிகளைப் பஞ்சம் கவ்வியது. 1896-இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக் நோய், 1898-இல் கல்கத்தாவிலும் மைசூர்ச் சமஸ்தானத்திலும் புகுந்தது. பெங்களூர் நடுங்கியது. பிழைப்புத் தேடிச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்திருந்த கோலார் தங்கவயலையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை.

பஞ்சமும் கொள்ளைநோயும் வரும்போது ஊரார் கணக்கிடுவது இறந்தவர்களை. இறக்காமல் எஞ்சி நிற்கும் குழந்தைகளை எவரும் கணக்கிடுவதில்லை. தாயும் தந்தையும் போய்விட, உடலில் நோயும் வயிற்றில் பசியுமாக நிற்கும் அக்குழந்தைகளுக்கு யார் பொறுப்பு? இக்கேள்வியைத் தம்மை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்வியாகவே ஏற்றுக்கொண்டு, அதற்கு விடையாகத் தம் வாழ்வின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளை அளித்தவர் சுவாமி அகண்டானந்தர். குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடித் துறவிச் சீடர்களுள் ஒருவரான அவர், இமயத்தில் ஏகாந்தவாசம் செய்ய விரும்பியவர். ஆனால் இறைவன் அவருக்கு வகுத்த தவச்சாலை வங்காளத்துக் கிராமம் ஒன்றில் இருந்த அனாதைக் குழந்தைகளின் இல்லம்.

ஆசாரம் மிக்க இளைஞர்

1864-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் கல்கத்தாவின் அகிரிடோலா பகுதியில் ஒரு பிராமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கங்காதரர். இளமையிலேயே சமய ஆசாரங்களில் அவருக்கு அளவற்ற பிடிப்பு இருந்தது. நாள்தோறும் பலமுறை கங்கையில் நீராடுவார், தம் உணவைத் தாமே சமைத்து ஒருவேளை மட்டும் உண்பார், பிராணாயாமம் பயில்வார், உணவுக்குப்பின் வெற்றிலைக்கு மாற்றாகக் கடுக்காயை மெல்லுவார். பிறர் கைபட்ட உணவையும் பிறர் தீட்டையும் அஞ்சி விலகுவதே தூய்மை என அவர் அப்போது கருதியிருந்தார்.

தட்சிணேசுவரத்திற்கு வந்த அந்த இளைஞரைக் குருதேவர் அன்புடன் ஏற்றார். அதே வேளையில், இந்த வயதிலேயே கிழவரைப்போல் இத்தனை ஆசாரம் எதற்கு என்று பரிகாசமும் செய்தார். நரேந்திரரிடம் சென்று பழகுமாறு பணித்தார். வெற்றிலை மென்றாலும் எதை உண்டாலும் நரேந்திரரின் மனம் உள்முகமாகவே இருப்பதை எடுத்துக்காட்டினார். புறத்தூய்மை என்பது அகத்தூய்மைக்குப் படியே அன்றி, அதுவே முடிவன்று என்னும் உண்மை கங்காதரரின் உள்ளத்தில் விதையாக விழுந்தது. அது முளைத்து மரமாவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

1886-இல் குருதேவர் மகாசமாதி அடைந்தார். 1887-இல் கங்காதரர் இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். கேதாரம், பதரி ஆகிய தலங்களைத் தரிசித்துத் திபெத்திற்குள்ளும் நுழைந்தார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகப் பனிமலைகளில் திரிந்தார். அன்றைய நாளில் அது உயிரைப் பணயம் வைக்கும் பயணம். சாதுக்களின் தவமும் மலைகளின் பேரமைதியும் அவரைக் கவர்ந்தன. 1890-இல் வராகநகர் மடத்திற்குத் திரும்பிய அவர், அதே ஆண்டில் சுவாமி விவேகானந்தருடன் மீண்டும் இமயம் சென்றார். பின்னர்த் தனியே பிரிந்து சென்ற சுவாமிஜியைத் தேடி ராஜபுதனம், குஜராத் என ஊர் ஊராகப் பின்தொடர்ந்தார்.

ஜாம்நகரில் கிடைத்த பாடம்

அந்த யாத்திரையின்போது ஜாம்நகரில் ஜண்டு பட் விட்டல்ஜி என்னும் ஆயுர்வேத மருத்துவரின் இல்லத்தில் அகண்டானந்தர் தங்க நேர்ந்தது. அரண்மனை மருத்துவராக விளங்கியபோதிலும், ஏழை நோயாளிகளைக் கூலி கருதாமல் காத்தவர் அப்பெரியவர். ஜண்டு என்னும் பெயரில் பின்னாளில் தோன்றிய மருந்து நிறுவனம் அவர் நினைவாகப் பெயரிடப்பட்டதே. அரசையும் வேண்டேன், சொர்க்கத்தையும் வேண்டேன், மறுபிறவி இன்மையையும் வேண்டேன், துயருறும் உயிர்களின் துன்பம் நீங்குவதையே வேண்டுகிறேன் என்னும் பழம்பெரும் பிரார்த்தனையின் கருத்தைத் தம் வாழ்வின் நெறியாகக் கொண்டிருந்தவர் அவர்.

சாத்திரங்களில் படித்த கருத்தை ஓர் இல்லறத்தார் நாள்தோறும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து வாழ்ந்துகாட்டியது அகண்டானந்தரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. முக்தியையும் வேண்டாமல் பிறர் துயர் தீர விழைவது ஆன்மிகப் பாதையிலிருந்து விலகுவதா, அல்லது அப்பாதையின் உச்சமா? இக்கேள்வி அவருக்குள் வளர்ந்தது.

1894-இல் கேத்ரியில் தங்கியிருந்தபோது ஏழை மக்களின் வறுமையையும் அறியாமையையும் நேரில் கண்டு மனம் நொந்தார். தம் உள்ளக் கிடக்கையை அமெரிக்காவில் இருந்த சுவாமிஜிக்கு எழுதினார். வீடு வீடாகச் சென்று ஏழைகளுக்குக் கல்வி அளிக்குமாறும், வறியவரையும் கல்லாதவரையும் துயருற்றவரையுமே தெய்வமாகக் கொள்ளுமாறும் சுவாமிஜி ஊக்கமூட்டிப் பதில் எழுதினார். அகண்டானந்தர் அவ்வாறே செய்தார். ஓராண்டிற்குள் அங்கிருந்த பள்ளியின் மாணவர் எண்ணிக்கை 80-லிருந்து 257-ஆக உயர்ந்தது. இமயத்தில் அலைந்து திரிந்த துறவியின் கால்கள் இப்போது ஏழைகளின் வாசல்களை நாடத் தொடங்கின.

உடைந்த குடம்

1897-ஆம் ஆண்டின் முற்பகுதி. கங்கைக் கரை வழியாக முர்ஷிதாபாத் மாவட்டத்தில் அகண்டானந்தர் நடந்து சென்றுகொண்டிருந்தார். தாத்பூர் என்னும் ஊரில் ஒரு முஸ்லிம் சிறுமி கதறி அழுதுகொண்டிருந்தாள். நீர் மொள்ள வந்த இடத்தில் அவளது மண்குடம் கைதவறி உடைந்துவிட்டது. வீட்டில் இருந்தது அந்த ஒரு குடந்தான். வேறு வாங்கக் காசில்லை. வெறுங்கையுடன் போனால் தாய் அடிப்பாள். அகண்டானந்தர் தம்மிடம் இருந்த சில்லறையிலிருந்து அவளுக்குப் புதிய குடமும் தின்பதற்குப் பொரியும் வாங்கிக் கொடுத்தார்.

அதற்குள் பசியால் வாடிய பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டனர். கையில் எஞ்சியிருந்த காசுக்கு அவர்களுக்கும் பொரி வாங்கிப் பகிர்ந்தளித்தார். கை காலியாயிற்று. ஆனால் பார்த்த இடமெல்லாம் பசி. மேலே நடக்க அவருக்கு மனம் வரவில்லை. மஹுலா என்னும் கிராமத்தில் தங்கிவிட்டார். நிலைமையை ஆலம்பஜார் மடத்திற்குக் கடிதம் மூலம் தெரிவித்தார்.

ராமகிருஷ்ண மிஷன் 1897-ஆம் ஆண்டு மே 1-ஆம் நாள் நிறுவப்பட்டிருந்தது. சுவாமிஜி இரண்டு துறவியரையும் சிறிதளவு பணத்தையும் மஹுலாவிற்கு அனுப்பிவைத்தார். மே 15-ஆம் நாள் பஞ்ச நிவாரணப் பணி தொடங்கியது. மிஷனின் வரலாற்றில் முறையாக அமைந்த முதல் நிவாரணப் பணி இதுவே. மாவட்ட மாஜிஸ்டிரேட்டாக இருந்த லெவின்ஜ் அவர்களும் துணை நின்றார்.

பஞ்சம் தீர்ந்த பின்

மழை பெய்தது. வயல்கள் விளைந்தன. நிவாரணப் பணி நிறைவு பெறும் காலமும் வந்தது. தானியம் பெற்றவர்கள் தத்தம் வீடுகளுக்குத் திரும்பினர். வீடே இல்லாத குழந்தைகள் மட்டும் திரும்பிச் செல்ல இடமின்றி நின்றனர்.

பரிவ்ராஜகத் துறவி ஒருவர் அந்நிலையில் புறப்பட்டுச் சென்றிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஓரிடத்தில் நிலைத்துத் தங்காமையே துறவியின் மரபு. மேலும், வந்த பணி முடிந்துவிட்டது. ஆனால் பஞ்சத்திற்கு முடிவு உண்டு, குழந்தைக்கு வேண்டிய தாய்மைக்கு முடிவு நாள் குறிக்க இயலாது என்பதை அகண்டானந்தர் உணர்ந்தார். பசிக்கு ஒருவேளைச் சோறு இடுவது கருணை. ஆனால் நோயுற்ற குழந்தையின் அருகில் இரவெல்லாம் விழித்திருப்பதும், அது தேறியபின் அதற்கு எழுத்தறிவிப்பதும், வளர்ந்தபின் தொழில் கற்றுத் தருவதும் ஒரு வாழ்நாளைக் கேட்பவை. அவர் தம் வாழ்நாளையே கொடுக்கத் துணிந்தார்.

விரல்விட்டு எண்ணத்தக்க அனாதைக் குழந்தைகளுடன் மஹுலாவில் இல்லம் தோன்றியது. பின்னர் அது சார்காச்சியை அடுத்த சிவநகருக்கு மாறியது. இரவல் இடத்தில் பல ஆண்டுகள் இயங்கியபின், 1913-இல் சார்காச்சியில் சொந்த நிலத்தில் நிலைபெற்றது.

சுவாமிஜி கடிதங்கள் வாயிலாகத் தொடர்ந்து வழிகாட்டினார். முஸ்லிம் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; அவர்களது சமயத்தில் ஒருபோதும் தலையிடக்கூடாது; அவர்கள் வழக்கப்படி உண்பதற்கு உரிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது அவரது தெளிவான கட்டளை. அகண்டானந்தர் அதைப் போற்றினார். ஒரு காலத்தில் பிறர் கைபட்ட உணவை விலக்கிய அதே கைகள், இப்போது சாதியும் சமயமும் கேட்காமல் குழந்தைகளுக்கு ஊட்டின. குருதேவர் தட்சிணேசுவரத்தில் இட்ட விதை முர்ஷிதாபாத்தின் மண்ணில் முளைத்தது.

நோயும் தாய்மையும்

பஞ்சத்தில் அடிபட்ட ஒரு குழந்தையைக் காப்பது எத்தகைய பணி என்பதை இன்று நாம் எளிதில் உணர்வதில்லை. பல வாரங்கள் பட்டினி கிடந்த குழந்தைக்கு இரக்கத்தால் வயிறு நிறைய உணவளித்தால் அதுவே உயிருக்கு ஆபத்தாக முடியும். கஞ்சியாகச் சிறிது சிறிதாகப் புகட்டி, உடல் ஏற்கிறதா என்று பார்த்துப் பார்த்தே உணவைக் கூட்ட வேண்டும். மெலிந்த உடலில் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் எளிதில் குடியேறும். காலரா கண்டாலோ சில மணி நேரத்தில் உடலின் நீர் முழுவதும் வற்றிவிடும். காலையில் விளையாடிய குழந்தை மாலையில் இருப்பது நிச்சயமன்று.

அன்றைய மருத்துவம் இந்நோய்களின் முன் பெரிதும் கையற்று நின்றது. மஹுலாவில் பணி நடந்த அதே 1897-ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில்தான், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே புகட்டிக் காலரா நோயாளிகளைப் பெருமளவில் காப்பாற்றலாம் என்பதை டாக்டர் திலீப் மஹலநாபிஸ் மெய்ப்பித்தது 1971-இல். வங்காள எல்லையில் பன்கான் அகதிகள் முகாமில் அவர் செய்த அப்பணியால், சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்தது. அகண்டானந்தரின் காலத்திற்கும் இதற்கும் இடையே முக்கால் நூற்றாண்டு. அவர் காலத்தில் நோயுற்ற குழந்தைக்குக் கிடைக்கக்கூடிய சிகிச்சையின் பெரும்பகுதி, அருகிலேயே இருந்து கவனிக்கும் ஒருவரின் அன்புதான். நேரத்திற்கு நீர் புகட்டுவதும், மலமும் வாந்தியும் படிந்த துணியை மாற்றுவதும், உடலைத் துடைத்துத் தூய்மை செய்வதும் தாயின் பணிகள். தாயற்ற குழந்தைகளுக்கு அவற்றை யார் செய்வது?

அகண்டானந்தர் செய்தார். இல்லத்துக் குழந்தைகளுக்குத் தாயாகவும் தந்தையாகவும் ஆசானாகவும் அவரே இருந்தார். காலரா என்றால் உற்றாரே நோயாளியைக் கைவிட்டு ஓடிய அந்நாட்களில், நோயுற்றோருக்குத் தம் கைகளாலேயே பணிவிடை செய்தார். 1899-இல் பாகல்பூர் மாவட்டத்தின் கோகா பகுதியில் வெள்ளம் புகுந்து காலரா பரவியபோது அங்கு விரைந்து சென்று, சுமார் பத்து வாரங்கள் தங்கி, தம் உயிரைப் பொருட்படுத்தாமல் உழைத்தார். சார்காச்சியில் ஏழைகளுக்கு இலவச மருந்தகமும் அமைந்தது. அண்டைப் பள்ளிகளின் மாணவர்களைத் திரட்டி, உடற்பயிற்சியுடன் நோயாளிகளைக் கவனிக்கவும் பழக்கினார். தாம் ஒருவர் செய்வது போதாது, சேவை செய்யும் மனம் அடுத்த தலைமுறையில் வளர வேண்டும் என்பது அவர் நோக்கம்.

உயிர் பிழைத்த குழந்தை பிறர் தயவில் காலம் தள்ளக்கூடாது என்பதிலும் அவர் உறுதியாக இருந்தார். எழுத்தறிவுடன் நெசவு, தையல், தச்சு, பட்டுப்புழு வளர்ப்பு ஆகிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. தோட்டத்தில் அவரும் குழந்தைகளுடன் மண்வெட்டி பிடித்தார். கிராமத்துப் பெரியவர்களுக்காக இரவுப் பள்ளியும் நடந்தது.

துறவும் பற்றும்

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. வீட்டையும் பெற்றோரையும் துறந்து வந்த ஒருவர், மீண்டும் இத்தனை பிள்ளைகளுக்குத் தந்தையாவது துறவுக்கு ஏற்றதா? பரதமுனிவர் மான்குட்டியிடம் கொண்ட பற்றினால் மறுபிறவி எய்தினார் எனப் பாகவதம் கூறவில்லையா? நோயுற்ற குழந்தையின் படுக்கை அருகே கலங்கும் உள்ளம் தியானத்தில் எவ்வாறு நிலைக்கும்? அந்நாளில் சகோதரத் துறவியர் சிலருக்குக்கூட இத்தகைய பணி குருதேவரின் வழிதானா என்ற தயக்கம் இருந்தது. சுவாமிஜி அதனை விளக்கித் தெளிவிக்க வேண்டியிருந்தது.

அகண்டானந்தரின் வாழ்வே இந்த ஐயத்திற்கு விடை. பற்று என்பது என்னுடையது என்று தன்பால் இழுப்பது. அன்போ, குழந்தை எதுவாயினும், யாருடையதாயினும், அதற்கு வேண்டுவதைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது. இல்லத்தில் வளர்ந்தவர்கள் தொழில் கற்றுத் தம் வழியே சென்றனர். அவர்களை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஜீவர்களிடம் இரக்கம் காட்டுவது என்பதைவிட, சிவன் என்றறிந்து ஜீவர்களுக்குச் சேவை செய்வதே முறை என்று குருதேவர் அருளிய உபதேசத்தை நரேந்திரர் தட்சிணேசுவரத்தில் கேட்டுத் தம் நெஞ்சில் பொதிந்து வைத்தார். அதைத் தம் சகோதரத் துறவியருள் முதன்முதலில் கிராமத்து மண்ணில் செயலாக்கிக் காட்டியவர் அகண்டானந்தரே. தியானத்தில் காண விரும்பிய இறைவனைக் காய்ச்சலில் பிதற்றும் குழந்தையிடம் காண்பதற்கு, தியானத்தில் அமர்வதைவிடக் குறைந்த ஒருமைப்பாடு போதாது. மேலும், குகையில் செய்யும் தவத்தை நாம் விரும்பும்போது நிறுத்தலாம். நள்ளிரவில் நீர் கேட்கும் குழந்தையிடம் அவ்வாறு சொல்ல இயலாது.

இதே ஒளி தமிழகத்திலும் சுடர்விட்டது. கோயம்புத்தூரில் பிளேக் நோயால் ஒரு குடும்பத்தின் பெரியவர்கள் மாண்டு, சிறுவர்கள் ஆதரவின்றி நின்ற செய்தி, சென்னையில் இருந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தரின் உள்ளத்தை உருக்கியது. அதன் விளைவாக 1905-இல் மயிலாப்பூரில் ராமகிருஷ்ண மாணவர் இல்லம் உருவாயிற்று. பூஜையிலும் ஆசாரத்திலும் ஆழ்ந்த பற்றுடைய இரு துறவியரையும், வடக்கிலும் தெற்கிலுமாக, தாயற்ற குழந்தைகளின் வாசலுக்கு அழைத்து வந்தது ஒரே குருவருள்தான்.

இறுதி நாட்கள்

1902-இல் சுவாமிஜி மறைந்தார். ஊக்கமளித்த கடிதங்கள் நின்றன. ஆயினும் சார்காச்சியின் பணி நிற்கவில்லை. இல்லத்தில் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது, குறைந்தது. பணம் வந்தது, வராமலும் போனது. எந்நிலையிலும் அகண்டானந்தர் அவ்விடத்தை விட்டுவிடவில்லை. பக்தர்களும் பிள்ளைகளும் அவரைப் பாபா என்றே அழைத்தனர்.

1934-இல் சுவாமி சிவானந்தரின் மறைவிற்குப்பின் ராமகிருஷ்ண மடம் மற்றும் மிஷனின் தலைவர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது. அவ்வாண்டு ஜனவரியில் பீகாரை உலுக்கிய நிலநடுக்கத்தின் நிவாரணப் பணிகளை, முதுமையையும் பாராமல் நேரில் சென்று பார்வையிட்டார். தலைவரானபின்னும் பேலூர் மடத்தைவிடச் சார்காச்சியிலேயே அதிகமாகத் தங்கினார். கங்கைக் கரையின் தலைமைப் பீடத்தைக் காட்டிலும் அந்தக் கிராமத்து ஆசிரமமே அவருக்கு இனித்தது. தம் அனுபவங்களை அவர் வங்காளியில் எழுதிய நினைவுக் குறிப்புகள், ஸ்மிருதி கதா என்னும் நூலாக வந்துள்ளன.

1937-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் பேலூர் மடத்தில் அவர் மகாசமாதி அடைந்தார். அவர் தோற்றுவித்த சார்காச்சி ஆசிரமம் ராமகிருஷ்ண மிஷனின் கிளையாகத் தொடர்ந்து பணியாற்றி வருகிறது.

பெரும் துயரங்கள் நிகழும்போது நம்மில் பலர் உதவ முன்வருகிறோம். அது நல்லதே. ஆனால் செய்திகள் ஓய்ந்து, கூட்டம் கலைந்தபின் எஞ்சி நிற்கும் குழந்தையிடம் மீண்டும் செல்பவர் சிலரே. நம் ஊரிலும் ஏதேனும் ஓர் இல்லத்தில், மருத்துவமனையின் ஏதேனும் ஒரு கட்டிலில், நெடுநாள் நோயுற்ற குழந்தை ஒன்று இருக்கக்கூடும். முதல் நாள் கொண்டு செல்லும் இனிப்பைவிட, முப்பதாம் நாளும் வந்து அருகில் அமரும் மனிதரே அதற்குத் தேவை. முப்பதாம் நாளும் செல்வதற்கு வேண்டிய பொறுமையை நமக்கு அருளுமாறு குருதேவரின் திருவடிகளை வேண்டுவோமாக.